மெஃபிஸ்டோஃபெலே: ஒரே ஒரு பந்தயக் காரின் வரலாறு

மெஃபிஸ்டோஃபெலே என்பது இத்தாலியின் ஃபியட் நிறுவனம் 1908-இல் கட்டிய ஒரு பந்தயக் காரின் அடிச்சட்டத்தில், அதே நிறுவனத்தின் விமான எஞ்சினைப் பொருத்தி, 1923-இல் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்ட கார். இதை உருவாக்கியவர் எர்னெஸ்ட் எல்ட்ரிட்ஜ் என்னும் ஆங்கிலேயர். 1924 ஜூலை 12 அன்று பிரான்சில் அர்பஜோன் என்ற ஊருக்கு அருகே இந்தக் கார் மணிக்கு 234.98 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி உலக நில வேகச் சாதனையை நிகழ்த்தியது. இதைப் போன்ற இன்னொரு கார் கட்டப்படவே இல்லை. இன்று இது இத்தாலியின் தூரின் நகரில் ஃபியட் நிறுவனத்தின் பாதுகாப்பில் இருக்கிறது.

இதன் எஞ்சின் கொள்ளளவு 21.7 லிட்டர். எண்ணாகச் சொன்னால் மாணவர்களுக்கு இது பிடிபடாது. நம் நாட்டில் பம்பாயின் பிரீமியர் நிறுவனம் ஃபியட் 1100 காரைத் தயாரித்து, பிறகு அதையே பிரீமியர் பத்மினி என்ற பெயரில் விற்றது. என் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் 'ஃபியட் கார்' என்றால் அதுதான் நினைவுக்கு வரும். அந்தப் பத்மினியின் எஞ்சின் 1,089 கன சென்டிமீட்டர். மெஃபிஸ்டோஃபெலேயின் எஞ்சின் 21,706 கன சென்டிமீட்டர். வகுத்துப் பார்த்தால், ஏறக்குறைய இருபது பத்மினிகளின் எஞ்சின்கள் ஒரே மூடியின் கீழ் இருப்பது போலாகும்.

ஒரு காரின் கதையை அது பிறந்த ஆண்டிலிருந்து தொடங்குவது வழக்கம். இந்தக் காருக்கு அப்படி ஒரே பிறந்த ஆண்டு கிடையாது. அடிச்சட்டம் 1908-ஐச் சேர்ந்தது. எஞ்சின் முதல் உலகப் போர்க் காலத்தது. இரண்டும் சேர்ந்தது 1923-இல். ஆகவே 1908-இலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

புரூக்லாண்ட்ஸ், 1908

ஃபியட் நிறுவனம் 1899 ஜூலை 11 அன்று தூரின் நகரில் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் கார் வாங்கக்கூடியவர்கள் செல்வந்தர்கள் மட்டுமே. அவர்கள் பந்தயத்தில் எது வென்றதோ அதையே வாங்கினார்கள். எனவே ஃபியட்டும் பந்தயக் களத்தில் இறங்கியது. 1907-ஆம் ஆண்டு அதன் ஓட்டுநர் ஃபெலிச்சே நட்ஸாரோ, சிசிலித் தீவின் தார்கா ஃப்ளோரியோ, ஜெர்மனியின் கைசர் கோப்பை, பிரெஞ்சு கிராண்ட் பிரி ஆகிய மூன்று பெரும் பந்தயங்களையும் வென்றார். அந்த ஓராண்டில் ஐரோப்பாவில் அவருக்கு நிகரான ஓட்டுநர் இல்லை.

அதே 1907-இல் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் புரூக்லாண்ட்ஸ் என்ற பந்தயத் தடம் திறக்கப்பட்டது. கார் ஓட்டுவதற்கென்றே கான்கிரீட்டில் கட்டப்பட்ட தடம் அது. திருப்பங்களில் தடம் கிண்ணத்தின் உட்பக்கம் போல உயர்ந்து சரிந்திருக்கும். வேகமாகத் திரும்பும் கார் வெளியே தூக்கியெறியப்படாமல் அந்தச் சரிவு தாங்கிக்கொள்ளும். ஒரு சுற்றின் நீளம் ஏறத்தாழ 4.45 கிலோமீட்டர்.

அங்கே ஆங்கில நிறுவனமான நேப்பியரின் 'சாம்சன்' என்ற காரும் ஃபியட்டும் நேருக்கு நேர் மோதுவது என்று பணயம் கட்டப்பட்டது. இதற்காக ஃபியட் அனுப்பிய கார்தான் எஸ்.பி.4. நான்கு சிலிண்டர்கள், 18 லிட்டருக்குச் சற்று மேல். ஒரு சிலிண்டர் மட்டுமே நான்கரை லிட்டர், அதாவது நாலு பத்மினி. 1908 ஜூன் 8 அன்று போட்டி நடந்தது. ஃபியட்டை நட்ஸாரோ ஓட்டினார். நேப்பியரை பிராங்க் நியூட்டன் ஓட்டினார். பாதியில் நேப்பியர் பழுதாகி நின்றுவிட, நட்ஸாரோ வென்றார்.

வென்றதில் சர்ச்சை இல்லை. எவ்வளவு வேகத்தில் ஓடினார் என்பதில்தான் சர்ச்சை. தடத்தில் பொருத்தப்பட்டிருந்த மின்சாரக் கடிகாரக் கருவி, அவரது அதிவேகச் சுற்று மணிக்கு 121.64 மைல் என்று காட்டியது. கையில் கடிகாரம் வைத்திருந்த அதிகாரியின் கணக்கு சுமார் 108 மைல். அதிகாரப்பூர்வமாக அறிவிக்கப்பட்டது பெரிய எண்தான். அன்றிலிருந்து இன்று வரை இரு பக்கமும் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதை ஒரு வகுப்பறைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். 121.64 மைல் வேகம் என்றால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 82 நொடி. 108 மைல் என்றால் 92 நொடி. வித்தியாசம் 10 நொடி. பழக்கமுள்ள ஒருவர் கையால் நேரம் எடுக்கும்போது கால் நொடி, அரை நொடி பிசகலாம். 10 நொடி பிசகுமா? அன்று அந்த மின்சாரக் கருவியோ புதிது. அடுத்து, 1913-இல் இதே தடத்தில் பெர்சி லம்பேர்ட் என்பவர் ஒரு மணி நேரத்தில் 100 மைலுக்கு மேல் ஓடியபோது அதுவே பெரும் செய்தியாயிற்று. 121 மைலைத் தாண்டிய சுற்று ஒன்றை அந்தத் தடம் காண 1922 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் 350 குதிரைத்திறன் கொண்ட சன்பீம் காரில். 1908-இன் எஸ்.பி.4-க்கு இருந்தது சுமார் 175 குதிரைத்திறன். இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது கைக்கடிகாரத்தின் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பல நூல்கள் இன்னும் 121.64 என்றே எழுதுகின்றன. தேர்வில் கேட்டால் இரண்டையும் எழுதுவது நல்லது.

வெடித்த எஞ்சின்

பந்தயத்துக்குப் பிறகு எஸ்.பி.4 இங்கிலாந்திலேயே தங்கிவிட்டது. பந்தயக் காரின் ஆயுள் குறைவு. இரண்டு மூன்று ஆண்டுகளில் புதியது வந்து பழையதை ஒதுக்கிவிடும். இந்தக் கார் கைமாறி, போருக்குப் பின் ஜான் டஃப் என்பவரிடம் வந்தது. டஃப் கனடியப் பெற்றோருக்குச் சீனாவில் பிறந்தவர். 14 வயதான அந்த எஞ்சினை 1922-இல் அவர் புரூக்லாண்ட்ஸ் தடத்தில் முழு வேகத்தில் விரட்டினார். அது தாங்கவில்லை. சிலிண்டர்கள் சிதறி, எஞ்சின் மூடி பிய்த்துக்கொண்டு பறந்தது. டஃப் உயிரோடு தப்பினார். அவர் பெரிய ஓட்டுநர்தான்: இரண்டே ஆண்டுகளில், 1924 ஜூனில், லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை பென்ட்லி காரில் வென்றார்.

வெடித்த எஞ்சினோடு நின்ற காரை யார் வாங்குவார்கள்? எர்னெஸ்ட் எல்ட்ரிட்ஜ் வாங்கினார்.

எல்ட்ரிட்ஜ் 1897-இல் லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். புகழ்பெற்ற ஹாரோ பள்ளியில் படித்தவர். பொறியியல் பட்டம் எதுவும் இல்லாமலே, கையால் செய்து செய்து பழகிப் பொறியாளர் ஆனவர். சூதாட்டத்திலும் விமானம் ஓட்டுவதிலும் அவருக்குப் பெரும் ஈடுபாடு. ஏற்கெனவே ஒரு பழைய இசோட்டா ஃப்ராஸ்கினி காரில் ஜெர்மனியின் மேபாக் விமான எஞ்சினைப் பொருத்திப் புரூக்லாண்ட்ஸில் ஓட்டியிருந்தார். எனவே உடைந்த ஃபியட்டைப் பார்த்ததும் அவருக்கு வந்த யோசனை புதியதல்ல. இம்முறை அவர் தேர்ந்தெடுத்த எஞ்சின்தான் பொருத்தமானது.

போர் விட்டுச்சென்ற எஞ்சின்

முதல் உலகப் போர் முடிந்தபோது ஐரோப்பா முழுவதும் விமான எஞ்சின்கள் குவிந்து கிடந்தன. போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டவை. போர் நின்றதும் வாங்க ஆளில்லை. ஃபியட்டின் ஏ.12 என்ற எஞ்சின் மட்டுமே 13,000-க்கும் மேல் தயாரிக்கப்பட்டிருந்தது. மூன்று எஞ்சின் பூட்டிய கப்ரோனி குண்டுவீச்சு விமானங்களிலும் அது பயன்பட்டது. 1920-களில் ஆங்கிலேய ஓட்டுநர்கள் பலர் இப்படிப்பட்ட எஞ்சின்களை மலிவாக வாங்கிப் பழைய கார்களில் ஏற்றினார்கள். பெரிய தொழிற்சாலையின் பணபலம் இல்லாத ஒருவர் உலகச் சாதனைக்கு முயல அதுதான் வழி.

எல்ட்ரிட்ஜ் வாங்கியது ஏ.12-இன் திருத்திய வடிவம். ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்கள். ஒவ்வொரு சிலிண்டரின் விட்டம் 160 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 180 மில்லிமீட்டர். பிஸ்டனின் தலை, வீட்டில் நாம் இட்லி வைத்துத் தின்னும் சின்னத் தட்டின் அகலம் இருக்கும். சிலிண்டர் ஒன்றுக்கு நான்கு வால்வுகள். எல்ட்ரிட்ஜ் இதை மெருகேற்றிச் சுமார் 320 குதிரைத்திறன் வரை கொண்டுவந்தார். அதுவும் நிமிடத்துக்கு வெறும் 1,800 சுழற்சியில்.

இங்கே கவனமுள்ள மாணவர் ஒருவர் கேள்வி கேட்பார். இருபது பத்மினியின் கொள்ளளவு என்றீர்கள். பத்மினிக்குச் சுமார் 40 குதிரைத்திறன். அப்படியானால் 800 வந்திருக்க வேண்டாமா? விடை சுழற்சி எண்ணிக்கையில் இருக்கிறது. எஞ்சினின் திறன் ஒவ்வொரு வெடிப்பும் எவ்வளவு பெரியது என்பதை மட்டும் சார்ந்ததன்று. நிமிடத்துக்கு எத்தனை வெடிப்புகள் என்பதையும் சார்ந்தது. பத்மினியின் எஞ்சின் நிமிடத்துக்கு ஐயாயிரம் சுழற்சிக்கு அருகே தன் முழுத் திறனைத் தரும். தட்டு அகல பிஸ்டனை அந்த வேகத்தில் மேலும் கீழும் ஆட்டினால், ஒவ்வொரு முறையும் அதை நிறுத்தித் திருப்பும் விசையைத் தாங்காமல் இணைப்புத் தண்டு முறிந்துவிடும். டஃபின் எஞ்சினுக்கு நேர்ந்த கதிதான் இதற்கும் நேரும். மேலும், விமான எஞ்சின் உந்துவிசிறியைச் சுழற்றுவதற்காகச் செய்யப்பட்டது. விசிறிக்கு நிதானமான சுழற்சியே போதும். ஆகவே அக்காலத்துப் பொறியாளர்கள் திறன் வேண்டுமென்றால் எஞ்சினைப் பெரிதாக்கினார்கள். மெஃபிஸ்டோஃபெலே ஓடும் சத்தத்தைக் கேட்டால் ஒவ்வொரு வெடிப்பையும் தனித்தனியே எண்ணிவிடலாம் போலிருக்கும்.

ஆறு சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும் எஞ்சின் நீளமானது. நான்கு சிலிண்டருக்காகக் கட்டப்பட்ட எஸ்.பி.4-இன் சட்டத்தில் அது அடங்கவில்லை. எல்ட்ரிட்ஜ் சட்டத்தை நீட்டினார். அதற்குப் பழைய லண்டன் பேருந்து ஒன்றின் சட்டத்துண்டுகளைப் பயன்படுத்தினார் என்பது இந்தக் காரைப் பற்றி எழுதும் எல்லாரும் தவறாமல் சொல்லும் செய்தி. சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுசெல்ல 1908-இன் பழைய முறையே தொடர்ந்தது. சைக்கிளில் இருப்பது போன்ற சங்கிலி, இருபுறமும் ஒவ்வொன்று. ஓட்டுநரும் மெக்கானிக்கும் உட்காரும் இடத்துக்கு வெளிப்புறமாக, கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் அவை ஓடின. முன்சக்கரங்களுக்கு பிரேக் கிடையாது. பின்சக்கரங்களில் மட்டுமே பிரேக். மணிக்கு 235 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காருக்கு அவ்வளவுதான் காவல்.

பெயர் எப்படி வந்தது? ஓடும்போது அது கக்கிய புகையும் நெருப்பும், இடி போன்ற சத்தமும் பார்த்தவர்களை நரகத்தை நினைக்க வைத்தன. ஃபவுஸ்ட் கதையில் மனிதனின் ஆன்மாவை விலைபேச வரும் பேயின் பெயர் மெஃபிஸ்டோஃபிலிஸ். அதன் இத்தாலிய வடிவம் மெஃபிஸ்டோஃபெலே. இந்தப் பெயரில் 1868-இல் மிலான் நகரில் அரங்கேறிய போய்ட்டோவின் இசைநாடகம் ஒன்றும் உண்டு. ஆங்கிலேயர் ஒருவர் கட்டிய காருக்கு இத்தாலியப் பெயரே நிலைத்தது.

அர்பஜோன் சாலை

நில வேகச் சாதனை என்பது 'பறக்கும் கிலோமீட்டர்' என்ற முறையில் அளக்கப்பட்டது. கார் தொலைவிலிருந்தே வேகமெடுத்து வந்து, அளந்து வைத்த ஒரு கிலோமீட்டர் தூரத்தை முழு வேகத்தில் கடக்க வேண்டும். காற்றும் சாலைச் சரிவும் ஒரு பக்கமாக உதவிவிடக் கூடாது என்பதற்காக, எதிர்த்திசையிலும் ஒருமுறை ஓடி, இரண்டின் சராசரியை எடுப்பது விதி. 1922 மே மாதம் புரூக்லாண்ட்ஸில் கென்லம் லீ கின்னஸ் சன்பீம் காரில் நிகழ்த்திய மணிக்கு 133.75 மைல் என்பதே அப்போதைய சாதனை.

1924 ஜூலை 6 அன்று பாரிஸுக்குத் தெற்கே அர்பஜோன் அருகில் வேகப் போட்டி ஒன்று நடந்தது. இரண்டு பக்கமும் மரங்கள் நிற்கும் நெடுஞ்சாலையின் நேரான பகுதிதான் களம். பிரெஞ்சு நிறுவனமான தெலாஜ், 12 சிலிண்டர்கள் கொண்ட பத்தரை லிட்டர்க் காரைக் கொண்டுவந்திருந்தது. அதை ஓட்டியவர் ரெனே தோமா, 1914-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை வென்றவர். மறுபக்கம் எல்ட்ரிட்ஜும் அவருடைய மெஃபிஸ்டோஃபெலேயும்.

தெலாஜ் முறையாக வடிவமைக்கப்பட்ட நவீன இயந்திரம். ஃபியட்டோ பாதி 1908, பாதி போர்க்கால மிச்சம், நடுவில் கொஞ்சம் பேருந்து. ஆனால் ஓடியபோது தெலாஜைவிட ஃபியட் வேகமாக ஓடிவிட்டது.

உடனே தெலாஜ் தரப்பு ஆட்சேபம் தெரிவித்தது. சர்வதேச விதிப்படி சாதனைக்கு முயலும் காரில் பின்னோக்கிச் செல்லும் கியர் இருக்க வேண்டும். எல்ட்ரிட்ஜின் காரில் அது இல்லை. நடுவர்கள் ஆட்சேபத்தை ஏற்றனர். எல்ட்ரிட்ஜின் ஓட்டம் தள்ளுபடி ஆனது. தோமாவின் 143.31 மைல், அதாவது மணிக்கு சுமார் 230.6 கிலோமீட்டர், புதிய உலகச் சாதனையாக அறிவிக்கப்பட்டது.

இது நியாயமா என்று கேட்டால், விதி விதிதான் என்பேன். காரென்றால் முன்னும் பின்னும் செல்லக்கூடிய வாகனம் என்பது அன்றைய வரையறை. அது இல்லாவிட்டால் நான்கு சக்கரம் வைத்த எந்த எறிகணையும் கார் ஆகிவிடும். ஆனால் ஒரு கிலோமீட்டரை நேராக முன்னோக்கி ஓடும் போட்டியில், தோற்ற பிறகு பின்னோக்குக் கியரை நினைவூட்டியதைப் பெருந்தன்மை என்று சொல்ல முடியாது. ஓட்டத்துக்கு முன்பே காரைப் பரிசோதித்திருக்கலாம்.

எல்ட்ரிட்ஜ் வழக்காடவில்லை. காரைப் பாரிஸுக்குக் கொண்டுபோனார். கிடைத்த சில நாட்களில், சங்கிலியால் ஓடும் அந்தப் பழைய வாகனத்தைப் பின்னோக்கி நகரச் செய்யும் ஓர் ஏற்பாட்டைப் பொருத்தினார். ஜூலை 12 அன்று அதே அர்பஜோன் சாலைக்குத் திரும்பி வந்தார். முந்தைய நாள்தான் ஃபியட் நிறுவனத்துக்கு 25 வயது நிறைந்திருந்தது. அவர் அதை நினைத்திருப்பார் என்று தோன்றவில்லை.

அவரோடு மெக்கானிக் ஏம்ஸ் உட்கார்ந்திருந்தார். அக்காலப் பந்தயக் காரில் மெக்கானிக் வெறும் பயணி அல்லர். எரிபொருள் தொட்டியின் அழுத்தத்தைக் கையால் பம்பு அடித்துக் காப்பது அவர் வேலை. இந்த ஓட்டத்தில் எஞ்சினுக்குள் ஆக்சிஜனைச் செலுத்தும் உருளையைத் திறப்பதும் அவர் பொறுப்பில் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. எரிபொருள் எரியக் காற்றிலுள்ள ஆக்சிஜன் தேவை. கூடுதல் ஆக்சிஜன் கொடுத்தால் கூடுதல் எரிபொருளை எரிக்கலாம், திறன் கூடும். பின்னாளில் இதே நோக்கத்துக்காக வேறு வாயுக்களைப் பயன்படுத்தும் முறைகள் வந்தன.

சாலை குறுகலானது. கார் நேர்கோட்டில் போகவில்லை. இப்படியும் அப்படியுமாக அலைந்தபடி சென்றது என்கின்றன அன்றைய வருணனைகள். அந்த வேகத்தில் ஒரு மரத்தில் உரசினாலும் இருவரும் பிழைத்திருக்க முடியாது. இரு திசை ஓட்டமும் முடிந்தபோது கிடைத்த சராசரி மணிக்கு 146.01 மைல், அதாவது 234.98 கிலோமீட்டர். தோமாவின் சாதனை ஆறே நாளில் போயிற்று. பொது நெடுஞ்சாலையில் நிகழ்ந்த கடைசி உலக நில வேகச் சாதனை இதுதான். அதற்குப் பிறகு வேக வீரர்கள் கடற்கரை மணலையும் உப்புப் பாலைவனங்களையும் தேடிப் போய்விட்டார்கள்.

எழுபத்தைந்து நாள்

சாதனை அதிக நாள் நிற்கவில்லை. 1924 செப்டம்பர் 25 அன்று வேல்ஸ் நாட்டின் பெண்டைன் கடற்கரையில் மால்கம் கேம்ப்பெல் 350 குதிரைத்திறன் சன்பீம் காரில் மணிக்கு 146.16 மைல் ஓடினார். 0.15 மைல்தான் அதிகம். இதையும் நொடிக்கணக்கில் பார்த்தால் வியப்பாக இருக்கும். எல்ட்ரிட்ஜின் வேகத்தில் ஒரு கிலோமீட்டரைக் கடக்க 15.32 நொடி. கேம்ப்பெல்லின் வேகத்தில் 15.30 நொடி. கண் இமைக்க ஆகும் நேரத்தில் சிறு பங்குதான் இந்த வித்தியாசம். ஆனால் கேம்ப்பெல்லின் பெயர் உலகறிந்தது. அவர் 1935 வரை தொடர்ந்து சாதனைகளைப் புரிந்து மணிக்கு 300 மைலையும் தாண்டினார். எல்ட்ரிட்ஜின் பெயர் கார் வரலாறு படிப்பவர்களுக்கு வெளியே தெரியவில்லை.

அடுத்த ஆண்டு, 1925 ஜூலையில், எல்ட்ரிட்ஜ் மெஃபிஸ்டோஃபெலேயைப் புரூக்லாண்ட்ஸுக்கே கொண்டுவந்தார். எதிரில் ஜான் பாரி தாமஸ், தம் கையால் வடிவமைத்த லேலண்ட் தாமஸ் காரில். அதன் எஞ்சின் எட்டு சிலிண்டர், கொள்ளளவில் ஃபியட்டுடையதில் மூன்றில் ஒரு பங்கு. தொடக்கத்தில் எல்ட்ரிட்ஜ் முன்னால் இருந்தார். முடிவில் தாமஸ் முந்தி வென்றார். எஞ்சினைப் பெரிதாக்கிக்கொண்டே போகும் காலம் முடிந்து, சிறிய எஞ்சினை வேகமாகச் சுழற்றும் காலம் வந்துவிட்டதை அந்தப் போட்டி காட்டியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1927 மார்ச்சில், அதே பெண்டைன் மணலில் சாதனைக்கு முயன்றபோது தாமஸ் இறந்தார். அவர் ஓட்டிய 'பேப்ஸ்' என்ற காரும் விமான எஞ்சின் பூட்டிய, சங்கிலியால் ஓடும் வகைதான். எல்ட்ரிட்ஜும் ஏம்ஸும் அர்பஜோனில் எதன் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது அதைப் படிக்கும்போதுதான் உறைக்கிறது.

எல்ட்ரிட்ஜ் பின்னர் சொந்தமாகச் சிறிய பந்தயக் கார்களைக் கட்டினார். 1926-இல் இண்டியானாபொலிஸ் 500-இல் ஓட்டினார். 1927-இல் பாரிஸ் அருகே மோன்லேரி தடத்தில் நடந்த விபத்தில் ஒரு கண்ணை இழந்தார். அதன் பிறகு வேகச் சாதனையாளர் ஜார்ஜ் அய்ஸ்டனுக்குத் துணையாக, கார்களை உருவாக்கும் வேலையில் ஈடுபட்டார். 1935 அக்டோபரில் நிமோனியாவால் இறந்தபோது அவருக்கு வயது 38.

இத்தாலியக் காரா, ஆங்கிலக் காரா?

இந்தக் கேள்வியில் இரு நாட்டு ஆர்வலர்களுக்கும் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. சாதனைப் பட்டியல்களில் கார் 'ஃபியட்' என்று இடம்பெறுகிறது. ஓட்டுநர் நாடு 'பிரிட்டன்' என்று இருக்கிறது. அடிச்சட்டமும் எஞ்சினும் தூரின் நகரத்துத் தயாரிப்புகள். ஆனால் 1923-இல் ஃபியட் நிறுவனம் இதற்கு வரைபடம் போடவில்லை, ஆள் அனுப்பவில்லை. அந்த ஆண்டுகளில் ஃபியட்டின் பந்தயப் பிரிவு முற்றிலும் வேறு திசையில், இரண்டு லிட்டர் எஞ்சின்களில் உழைத்துக்கொண்டிருந்தது. அதே கொள்ளளவில் பத்து மடங்கு பெரிய எஞ்சினை நினைத்துப் பார்த்திருக்கவே மாட்டார்கள். பெற்றோர் இத்தாலியர், வளர்த்தவர் ஆங்கிலேயர் என்று சொன்னால் இரு தரப்பும் கோபிக்காது. என்னைக் கேட்டால், வளர்த்தவருக்கே கூடுதல் உரிமை தருவேன்.

இன்னொரு குழப்பத்தையும் நீக்கிவிட வேண்டும். இணையத்தில் 'தூரின் மிருகம்' என்ற பெயரில் நெருப்புக் கக்கும் ஃபியட் கார் ஒன்றின் காணொளிகள் பரவலாகக் கிடைக்கின்றன. அது மெஃபிஸ்டோஃபெலே அல்ல. எஸ்.76 என்ற வேறொரு கார். 1910-11 காலத்தது, 28 லிட்டருக்கு மேற்பட்ட நான்கு சிலிண்டர் எஞ்சின். அதில் இரண்டு கட்டப்பட்டன. 1913-இல் பெல்ஜியத்தின் ஓஸ்டெண்ட் நகரில் ஒரு திசையில் மிக வேகமாக ஓடியும், திரும்பு ஓட்டத்தை முடிக்க முடியாததால் சாதனை கிடைக்கவில்லை. பார்த்தவுடன் வேறுபாடு கண்டுபிடிக்க ஒரு வழி: எஸ்.76 உயரமாகக் கோபுரம் போல நிற்கும். மெஃபிஸ்டோஃபெலே தாழ்வாக, நீண்டு கிடக்கும்.

திரும்பி வந்தது

எல்ட்ரிட்ஜ் கைவிட்ட பிறகு கார் இங்கிலாந்தில் பல கைகள் மாறியது. புரூக்லாண்ட்ஸ் தடம் 1939-இல் இரண்டாம் உலகப் போருடன் பந்தயங்களை நிறுத்திக்கொண்டது. பிறகு அங்கே பந்தயம் திரும்பவே இல்லை. போர்க்காலத்தில் எத்தனையோ பழைய கார்கள் இரும்புக்காக உடைக்கப்பட்டன. இந்தக் கார் தப்பியது. 1969-இல் ஃபியட் நிறுவனம் இதை விலைக்கு வாங்கித் தூரினுக்குக் கொண்டுசென்றது. 1908-இல் நட்ஸாரோவோடு இங்கிலாந்துக்குப் புறப்பட்ட அந்த அடிச்சட்டம் ஊர் திரும்ப 61 ஆண்டுகள் ஆயின.

செப்பனிடப்பட்ட கார் இப்போது ஃபியட்டின் வரலாற்று மையத் தொகுப்பில் இருக்கிறது. பழங்கார் விழாக்களில் எப்போதாவது எஞ்சினை இயக்கி ஓட்டியும் காட்டுகிறார்கள். அருகில் நின்று பார்ப்பவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது, காரின் பாதிக்கு மேல் நீளும் எஞ்சின் மூடி. அதன் பின்னால் ஒட்டிக்கொண்டாற்போல இரண்டு பேருக்கு இடம். இருக்கையின் இருபுறமும் சங்கிலிகள். பின்சக்கரங்களில் மட்டும் பிரேக்.